சீட்டில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது

நாணயங்களுக்குத் தரம் போட்டுப் பிளாஸ்டிக் உறையிடுவோருக்கும், ஏலம் நடத்துவோருக்கும், விலைப்பட்டியல் தொகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் நாணயம் சேர்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மன்னர்கள் காலத்துக் காசுகள் என்னிடம் இல்லை. நம் காலத்தில் இயந்திரத்தில் அடித்து, கோடிக்கணக்கில் வெளியே வந்து, கை மாறிக் கை மாறிப் புழங்கிய சில்லறைதான் என் சேகரிப்பு. அதிலும் எனக்குப் பித்து வகைகள் மேல். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே உருவம் கொண்ட இரண்டு காசுகளில் ஒன்றில் மட்டும் ஓர் எழுத்து இரட்டையாக விழுந்திருக்கும். அல்லது ஓர் இலை கூடுதலாக இருக்கும். அல்லது ஒட்டி நிற்கவேண்டிய இரண்டு எழுத்துகள் விலகி நிற்கும். சும்மா பார்த்தால் தெரியாது, லென்ஸ் வைத்தால் தெரியும். தெரிந்த பிறகு, முகமதிப்பைப் போல ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

இந்த மடல் அந்த விலைகளைப் பற்றியது. விலை அதிகம் என்று புலம்ப எழுதவில்லை. சில நாணயங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று நினைப்பவன் நான். என் மனக்குறை வேறு. அவ்வளவு பணம் எதற்காகப் போகிறது என்பது கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை, உங்களுக்குத் தெரிகிறது. நாணயம் உங்கள் மேசைக்கு வருகிறது. அதைப்போல இதுவரை எத்தனை வந்தன என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள். ஆனால் உறைக்குள் வைக்கும் சீட்டில் ஆண்டு, மதிப்பு, ஒரு வகை எண், காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று சொல்லும் ஒரு தர எண், இவ்வளவுதான் அச்சாகிறது. ஏலக் குறிப்பில் 'மிக அரிது' என்ற சொல் சேர்கிறது. தெரிந்ததை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்க்க ஆரம்பித்த மூன்றாவது வருடம், ஒரு விற்பனையாளரிடம் 'அரிய இரட்டிப்பு' என்ற குறிப்போடு ஒரு செப்புக்காசு வாங்கினேன். எனக்கு அது பல மாதச் சேமிப்பு. ஆண்டைக் குறிக்கும் எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் தெளிவாகவே தெரிந்தது. இரவில் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பத்து மடங்கு லென்ஸில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்து, இந்தத் துறையில் பழுத்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் காசின் விளிம்பை மட்டும் விரல் நுனியில் பிடித்து, விளக்குக்கு நேரே ஒரு சுற்று சுற்றினார். "தம்பி, அந்த நிழல் மேடாக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா, நீங்களே பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். தட்டையாக இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படி மாதிரி, எண்ணின் ஓரத்தையே யாரோ நகத்தால் அழுத்திச் சரித்தது மாதிரி. அந்தப் பக்கம் எண்ணும் மெலிந்திருந்தது. "இது அச்சில் பிறந்ததில்லை. அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்தது. இப்படி எத்தனையோ காசு கிடைக்கும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "இரட்டிப்பு என்றேன், இரட்டிப்பு இருக்கிறதே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் என் பணம் போனது.

இந்த வேறுபாடு உங்களுக்கு அரிச்சுவடி. ஆனால் திறந்த மடல் என்பதால் வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாணய அச்சு எஃகால் ஆனது. அதில் உருவம் குழியாக இருக்கும். அந்தக் குழியை உண்டாக்க, உருவம் மேடாக உள்ள இன்னோர் எஃகுத் துண்டை அதன்மேல் பெரும் விசையோடு அழுத்துவார்கள். ஹப் என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாது. அழுத்தும்போது எஃகு இறுகிப்போகும். அதனால் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் தடவை வைக்கும்போது மயிரிழை திரும்பியிருந்தாலும் அச்சிலேயே இரண்டு உருவம் விழுந்துவிடும். அதுதான் உண்மையான இரட்டை அச்சு. அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், மேடாகவும் உருண்டையாகவும், எழுத்து முனைகளில் சின்னப் பிளவோடும் இருக்கும்.

அமெரிக்க நாணயச்சாலை 1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறியது. அதோடு பெரிய இரட்டிப்புகள் குறைந்தன, ஆனால் நின்றுவிடவில்லை. அழுத்தம் தொடங்கும் கணத்தில் அச்சு எஃகு சற்றுச் சாய்ந்திருந்து பிறகு நேரானால், உருவத்தின் நடுப்பகுதியில் மட்டும் சின்ன இரட்டிப்பு விழுகிறது. இயந்திர ஆட்டத்தில் வருவதோ முற்றிலும் வேறு. அங்கே அச்சில் பழுதே இல்லை. பிடிப்பு தளர்ந்து, அடித்த அடியோடு ஒரு நூல் நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை அச்சு சரித்துவிடுகிறது. அடுத்த காசில் அது வேறு மாதிரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த இரண்டையும் 'இரட்டிப்பு' என்ற ஒரே சொல்லால் ஏலத்தில் விடுவதை நான் இன்னும் பார்க்கிறேன்.

சரி, அச்சில் பிறந்துவிட்டாலே அரிது என்று ஆகிவிடுமா? அதுவும் இல்லை. ஓர் அச்சு தேய்ந்து கழிக்கப்படுமுன் சில லட்சம் காசு அடிக்கும். பழுதை யாரும் கவனிக்கவில்லை என்றால் அத்தனை காசிலும் அந்தப் பழுது இருக்கும். ஆக, வகையின் அரிதை முடிவு செய்வது பழுது எவ்வளவு விசித்திரமானது என்பதல்ல. அதை எத்தனை சீக்கிரம் நிறுத்தினார்கள், எத்தனை காசு வெளியே போனது, போனதில் எத்தனை பேர் தேடினார்கள் என்பதுதான். இதில் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமானது.

1955-ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்டை, அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டும் எழுத்துகளும் லென்ஸ் இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். பிலடெல்பியா நாணயச்சாலையில் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள், அந்த அச்சில் அடித்தவற்றில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பிரித்தெடுக்க வழியில்லாமல் அப்படியே வெளியே விட்டார்கள். சிகரெட் பாக்கெட்டோடு மீதிச் சில்லறையாக வந்த காசுகளில் பல அகப்பட்டன. அதற்குப் பிறகு 70 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகத் தேடியாயிற்று. எத்தனை இருக்கின்றன என்பது ஏறக்குறையத் தெரியும். அதன் விலை அந்த எண்ணிக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

1995 சென்ட்டின் கதை அப்படி இல்லை. அதுவும் உண்மையான இரட்டை அச்சுதான், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நல்ல இரட்டிப்பு. ஆனால் அந்த ஆண்டே செய்தி நாளிதழின் முதல் பக்கம் வரை போனது. வீடு வீடாகச் சில்லறைக் குவியலைக் கொட்டித் தேடினார்கள். ஆரம்பத்தில் நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. இன்று அதைச் சாதாரணச் சேகரிப்பாளர் யோசிக்காமல் வாங்கலாம். நாணயம் மாறவில்லை, இரட்டிப்பும் மாறவில்லை. தேடியவர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

2007-இல் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் டாலரும் அப்படித்தான். அந்தத் தொடரில் ஆண்டும் வாசகங்களும் காசின் விளிம்பில் பொறிக்கப்படும். இரு பக்கமும் அடித்த பிறகு தனி இயந்திரத்தில் விட்டு விளிம்பைப் பொறிப்பார்கள். ஒரு பெரும் தொகுதி அந்த இயந்திரத்துக்குப் போகாமலே வெளியே வந்துவிட்டது. விளிம்பு வழவழவென்று வெறுமையாக இருந்தது. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. பிறகு பல பத்தாயிரம் இருப்பது தெரிந்ததும் விலை மளமளவென்று சரிந்தது. 2008-இல் பிரிட்டனின் 20 பென்ஸ் காசும் இதே வழி. புதிய வடிவமைப்பில் ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து அரசியின் தலை உள்ள பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதிய பின்பக்கத்தோடு பழைய தலைப்பக்க அச்சைச் சேர்த்து அடித்ததில், ஆண்டே இல்லாத காசு பிறந்தது. செய்தி வெளியானபோது ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டவர்கள் உண்டு. குறைந்தது 50 ஆயிரம் காசு அப்படி வெளியே போயிருக்கிறது என்ற மதிப்பீடு வந்தபின் நூறு பவுண்டுக்குள் அடங்கிவிட்டது.

2004 விஸ்கான்சின் கால் டாலரில் சோளக் கதிரின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக இருக்கும். சிலவற்றில் மேல்நோக்கி, சிலவற்றில் கீழ்நோக்கி. அது எப்படி வந்தது, யாராவது வேண்டுமென்றே செய்ததா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. அதற்கும் ஆரம்பகால விலை வேறு, பிற்கால விலை வேறு.

இவற்றை விற்றவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. காசுகள் எல்லாமே உண்மையானவை. ஆனாலும் முதல் அலையில் வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். அவர்கள் கொடுத்தது அரிதுக்கான விலை அல்ல. இன்னும் யாரும் தேடிப் பார்க்கவில்லை என்பதற்கான விலை. ஒரு வகை கண்டுபிடித்து ஆறு மாதம்தான் ஆகிறதா, அறுபது வருடம் ஆகிறதா என்பது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். அந்த ஒரு தகவல் உங்கள் சீட்டில் இல்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தேடத் தேட அரிதாகிக்கொண்டே போகிற நாணயங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சகாகவேயா என்ற பூர்வகுடிப் பெண்ணின் உருவம் கொண்ட புது டாலர் காசை அறிமுகப்படுத்த அமெரிக்க நாணயச்சாலை ஒரு காலை உணவுத் தயாரிப்பாளரோடு சேர்ந்தது. சீரியோஸ் என்ற அந்த உணவின் ஒரு கோடி பெட்டிகளில், ஒவ்வொன்றிலும் 2000-ஆம் ஆண்டு சென்ட் ஒன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் பெட்டிக்கு ஒன்றில் புது டாலரும் கூட. மொத்தம் 5,500 டாலர் நாணயம். சாப்பிட்டவர்கள் சென்ட்டைச் செலவழித்தார்கள், டாலரைச் செலவழித்தார்கள், சிலர் அட்டையோடு எடுத்து வைத்தார்கள். ஐந்து வருடம் அதில் யாரும் எதையும் பார்க்கவில்லை. 2005-இல்தான் ஒருவர் கவனித்தார். பெட்டியில் வந்த அந்த டாலர்களில் பறக்கும் கழுகின் வால் இறகுகள் வேறு மாதிரி இருந்தன. நடுத்தண்டும் கோடுகளும் துல்லியமாக, தனித்தனியாக எழும்பி நின்றன. புழக்கத்துக்கு விட்ட காசுகளில் அந்த நுணுக்கத்தைக் குறைத்துவிட்டிருந்தார்கள். பெட்டிக்குப் போனவை அதற்கு முந்தைய வடிவத்தில் அடித்தவை.

அந்த ஆண்டு பிலடெல்பியாவில் மட்டும் 76 கோடிக்கு மேல் சகாகவேயா டாலர் அடித்தார்கள். அத்தனைக்கு நடுவே, வால் இறகில் வித்தியாசம் உள்ளவையாக இன்றுவரை அடையாளம் கண்டவை அந்த 5,500-இல் ஒரு சிறு பகுதிதான். பல ஆயிரம் டாலருக்கு விற்கிறது. நான் அதை ஒரே ஒரு தடவை, கண்காட்சியில், வேறொருவரின் கையில் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே சாதாரணக் காசையும் வைத்திருந்தார். இரண்டையும் ஒரே கோணத்தில் சாய்த்தபோது, ஒன்றின் வால் ஒரே பரப்பாக மின்னியது. மற்றதில் ஒவ்வோர் இறகும் தனித்தனி நிழல் போட்டது. அந்த விலையைக் கேட்டு நான் முகம் சுளிக்கவில்லை. எப்படிப் பிறந்தது, எத்தனை பிறந்தது, எந்த வழியாக வெளியே போனது எல்லாமே தெரிந்த நாணயம் அது. உச்ச வரம்பு தெரிந்த நாணயத்துக்குக் கொடுக்கும் விலையில் பயம் இல்லை.

1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த சென்ட்டின் இரட்டை அச்சும் அப்படித்தான். முதலில் அகப்பட்டவற்றைக் கள்ளக்காசு என்று நினைத்து அரசு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தச் சமயத்தில் அதே ஆண்டுச் சென்ட்டில் இரட்டிப்பை உண்டாக்கிப் போலி அடித்தவர்கள் பிடிபட்டிருந்தது காரணம். பிறகுதான் இது நாணயச்சாலையிலேயே பிறந்தது என்று உறுதியானது. அரை நூற்றாண்டாக ரோல் ரோலாகப் பிரித்துத் தேடியும் கிடைத்தவை சில டஜன்தான். 2008-இல் ஒன்று 1,26,500 டாலருக்கு ஏலம் போனது. அதை வாங்கியவர் எதன் மேல் பணம் போட்டார் என்பது அவருக்குத் தெரியும். 1975-ஆம் ஆண்டின் புரூஃப் டைம் காசில் (சேகரிப்பாளருக்கென்றே மெருகோடு அடிக்கும் பத்து சென்ட்) சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலைக் குறியான எஸ் விடுபட்டுப் போனது இரண்டே இரண்டுதான் தெரிய வந்திருக்கிறது. அந்த ஆண்டின் புரூஃப் தொகுப்புகளோ 28 லட்சத்துக்கு மேல் விற்றவை. அந்த இரண்டில் ஒன்று 2019-இல் 4,56,000 டாலருக்குப் போனது, 2024-இல் ஒன்று 5 லட்சம் டாலரைத் தாண்டியது. கால் டாலரின் வாஷிங்டன் தலையும் சகாகவேயா டாலரின் கழுகும் ஒரே காசில் சேர்ந்துவிட்ட 2000-ஆம் ஆண்டு மியூல் (சேரக்கூடாத இரண்டு அச்சு சேர்ந்து பிறந்த காசு) இருபதுக்குள்தான் இருக்கிறது. அதற்கு 2 லட்சம் டாலரை நெருங்கிய விலை கொடுத்திருக்கிறார்கள்.

மியூல் என்றதும் ஆஸ்திரேலியாவின் 2000-ஆம் ஆண்டு ஒரு டாலர் நினைவுக்கு வருகிறது. பத்து சென்ட் காசின் தலைப்பக்க அச்சை டாலருக்குப் போட்டுவிட்டார்கள். பத்து சென்ட் 23.6 மில்லிமீட்டர், டாலர் 25 மில்லிமீட்டர். அச்சு சின்னது, காசு பெரியது என்பதால் தலையைச் சுற்றி இரண்டு விளிம்பு விழுந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் சமாசாரம். பலரின் பையிலிருந்து பலரின் பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. சில வருடம் கழித்துத்தான் சேகரிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். அதற்குள் பல தேய்ந்துவிட்டன. அதனால்தான் தேயாத ஒன்றுக்கு இன்று அந்த மதிப்பு. இந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் வாங்குகிறவர் புரிந்துகொண்டு பணம் கொடுப்பார்.

அடுத்தது, உங்கள் எண்ணிக்கைப் பட்டியல். அதைத்தான் எல்லோரும் வேதம்போல் நம்புகிறார்கள், நானும் தினமும் புரட்டுகிறேன். அமெரிக்காவில் தரம் போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கிய பிறகு இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் அது ஒன்று. முன்பு காற்றில் பேசிய பேச்சுக்கு எண் வந்தது. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது? அந்த நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட காசு எத்தனை என்பதை. உலகத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

ஒரே காசை உறையை உடைத்து, ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்குமா என்று மறுபடியும் மறுபடியும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஒரு காசு மூன்று காசாக எண்ணப்படும். அது ஒரு பக்கம். மறுபக்கம், விலை குறைந்த நவீன காசை உறையிடும் கட்டணமே அதன் விலையைவிட அதிகம் என்று ஆயிரக்கணக்கானோர் அனுப்புவதே இல்லை. அப்புறம், பல இடங்களில் வகையைக் குறிப்பிடத் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கட்டாதவரின் காசு, வகைக் காசாகவே இருந்தாலும், சாதாரணக் காசு என்ற சீட்டோடு உறைக்குள் போகிறது. பழைய உறைகளைத் துழாவி இப்படி வகைகளைப் பொறுக்குவதையே வேலையாகச் செய்கிறவர்கள் எனக்குத் தெரியும், நானும் இரண்டு எடுத்திருக்கிறேன். ஆக உங்கள் எண் ஒரு பக்கம் ஊதியிருக்கிறது, மறுபக்கம் ஒடுங்கியிருக்கிறது. ஏலக் குறிப்பில் 'உலகில் 14 மட்டுமே' என்று அதை அப்படியே எடுத்துப் போடும்போது கைகள் தானாக உயர்கின்றன. 'எங்களிடம் இதுவரை வந்தவை 14' என்று எழுதினால் போதும். உண்மை அதுதான்.

தர எண்ணும் வகையும் கலக்கும் இடம் இன்னும் சிக்கல். 2000-ஆம் ஆண்டு சென்ட்டில் சிலவற்றின் பின்பக்கத்தில் அமெரிக்கா என்ற சொல்லின் ஏ, எம் இரண்டும் விலகி நிற்கும். புரூஃப் காசுக்கென்று வைத்திருந்த பின்பக்க வடிவத்தைப் புழக்கக் காசுக்குப் பயன்படுத்தியதால் வந்தது அது. 1998, 1999 ஆண்டுகளிலும் இதே வகை உண்டு. மூன்றில் 1999 கடினம், 2000 எளிது. பொறுமையாகச் சில்லறையைப் புரட்டினால் 2000 கிடைத்துவிடும். ஆனால் அதே எளிய வகை மிக உயர்ந்த ஒரு தர எண்ணோடு, 'இந்தத் தரத்தில் ஒன்றே ஒன்று' என்று ஏலத்துக்கு வந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. யாருடைய தொகுப்பு உயர்ந்தது என்ற போட்டியில் முதலிடம் பிடிக்க அந்த ஒரு புள்ளி தேவைப்படுகிறவர் இருவர் மோதிக்கொண்டால் போதும். மோதட்டும், அது அவர்கள் ஆசை. ஆனால் அந்த விலை மறுநாள் விலைப்பட்டியலில் அந்த வகையின் விலையாகக் குந்திக்கொள்கிறது. அதைப் பார்த்து ஒரு புதியவர் இரண்டு படி குறைந்த தரக் காசுக்கு அதில் பாதி கொடுக்கிறார். அவர் வாங்கியது எங்கும் கிடைக்கிற காசு. வகைக்கு எவ்வளவு, தரத்துக்கு எவ்வளவு என்று பட்டியலிலேயே பிரித்துக் காட்ட உங்களால் முடியும்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு சகாகவேயா டாலர் ஒன்றில் அச்சில் விழுந்த கீறல், கழுகின் வயிற்றைக் குறுக்கே கிழித்தது போல் மேடாகத் தெரியும். 'காயம்பட்ட கழுகு' என்று பெயர் வந்தது. பொருத்தமான, அழகான பெயர், காசும் உண்மையிலேயே குறைவு. ஆனால் அதற்குப் பிறகு அச்சில் விழுந்த ஒவ்வொரு கீறலுக்கும், ஒவ்வொரு விரிசலுக்கும் யாராவது ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். அச்சுக் கீறல் அன்றாடம் நடப்பது. விரிசலும் அப்படித்தான். பெயர் இருக்கிறது என்பதாலேயே அது வகை ஆகிவிடாது. நீங்கள் அந்தப் பெயரைச் சீட்டில் அச்சடிக்கும் நாளில்தான் அது வகை ஆகிறது, அன்றிலிருந்து அதற்கு ஒரு விலையும் பிறக்கிறது. அந்தப் பொறுப்பை நீங்கள் இன்னும் நிதானத்தோடு கையாள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்கள். பெரிய ஏலங்களில் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும், அவர்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது, இரண்டு லட்சம் டாலர் செய்தியை எங்கோ படித்துவிட்டு, வீட்டு உண்டியலை உடைத்து, கிடைத்த பூதக்கண்ணாடியை வைத்துத் தேடத் தொடங்குகிற பையனைப் பற்றி, பெண்ணைப் பற்றி, ஓய்வு பெற்றவரைப் பற்றி. இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. காசு செலவில்லாமல், கண்ணும் பொறுமையும் மட்டும் வைத்து நுழையலாம். அவர்கள் முதலில் காண்பது பெரும்பாலும் இயந்திர ஆட்டத்தால் வந்த நிழலாகத்தான் இருக்கும். அதை அரிய இரட்டிப்பு என்று நம்பி உங்களுக்கு அனுப்பிக் கட்டணம் கட்டுவார்கள், அல்லது என்னைப்போல் இன்னொருவரிடம் விலை கொடுத்து வாங்குவார்கள். உண்மை தெரிகிற அன்று பலர் லென்ஸை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்படி மூடியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெரியவர் வாய்த்தார். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. நாணயம் எப்படிப் பிறந்தது என்று ஒரு வரி: அச்சில் வந்ததா, அடிக்கும்போது வந்ததா, இரண்டு அச்சு மாறிச் சேர்ந்ததா, ஒரு வேலை விடுபட்டுப் போனதா. வகை முதலில் எந்த ஆண்டு அறியப்பட்டது என்று ஒரு வரி. உங்களிடம் வந்தவை எத்தனை, எந்தத் தேதி வரை என்று ஒரு வரி. அந்த எண்ணிக்கை கடந்த ஐந்து ஆண்டில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு வரி. எனக்கு இந்தக் கடைசி வரி மற்ற மூன்றையும்விட மேல். ஐந்து ஆண்டில் 14 என்பது 15 ஆகியிருந்தால் நான் துணிந்து வாங்குவேன். 140 ஆகியிருந்தால் இன்னும் ஓராண்டு பொறுப்பேன்.

சீட்டில் இடம் போதாது என்றால், ஏற்கெனவே பல சீட்டுகளில் இருக்கும் கியூஆர் கட்டத்தின் பின்னால் வையுங்கள். ஏலக் குறிப்பில் இடப் பிரச்சினையே இல்லை. விற்பவரின் குடும்ப வரலாற்றுக்கே அங்கே இரண்டு பத்தி ஒதுக்குகிறீர்கள்.

இப்படி எழுதினால் விலை விழுந்துவிடும் என்று உங்களில் சிலர் அஞ்சலாம். சில வகைகளுக்கு விழும், உண்மைதான். அவை இன்றோ நாளையோ எப்படியும் விழப்போகிறவை. நடுவில் அகப்பட்டுக்கொள்பவர் யார் என்பதுதான் கேள்வி. சீரியோஸ் டாலருக்கும் 1969 சென்ட்டுக்கும் இந்த நான்கு வரியால் ஒரு சதம்கூடக் குறையாது. சொல்லப்போனால் கூடும். வாங்குகிறவர் தன் பணம் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே கையை உயர்த்துவார்.

என்னிடம் உறையில்லாமல் மூன்று நாணயங்கள் இருக்கின்றன. ஒன்று 1999 சென்ட், ஏ எம் விலகியது, சில்லறையில் நானே கண்டெடுத்தது. இன்னொன்று 1995 இரட்டை அச்சு. மூன்றாவது, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய அந்தச் செப்புக்காசு. நீங்கள் இந்த நான்கு வரிச் சீட்டைத் தொடங்கினால், முதல் மாதமே மூன்றையும் கட்டணத்தோடு அனுப்பிவைக்கிறேன். மூன்றாவதற்கு, 'இயந்திர ஆட்டத்தால் வந்த இரட்டிப்பு, வகை அல்ல' என்று எழுதி, அந்தச் சீட்டோடு உறையிட்டுக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் பக்கத்திலேயே அதையும் வைத்திருப்பேன், லென்ஸோடு என் வீட்டுக்கு வருகிற புதியவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தினமும் புரட்டும் ஒரு சேகரிப்பாளர்